ஒண்டுமில்லை, வாங்கோ

மரியநாயகிக்குப் பிடிக்காத சொற்கள் பல உண்டு. 'ரயில் இல்லையாம்' என்பது அவற்றில் ஒன்று. 'ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வாங்கோ' என்பது இன்னொன்று. இவற்றையெல்லாம் அவள் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே கடந்துவிடுவாள். ஆனால் கேட்டவுடன் அவள் வாயடைத்துப்போகிற சொல் ஒன்றே ஒன்றுதான். அது 'ஒண்டுமில்லை'.

நம்முடைய சனத்துக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. சாவுச் செய்தியைத் தொலைபேசியில் சொல்லமாட்டார்கள். 'கொஞ்சம் சுகமில்லை' என்பார்கள். 'பயப்பிட ஒண்டுமில்லை, ஒருக்கா வெளிக்கிட்டு வாங்கோ' என்பார்கள். கேட்கிறவர் வருகிற வழியில் மயங்கி விழுந்துவிடக்கூடாதே என்ற நல்லெண்ணம்தான். அந்த நல்லெண்ணத்தின் அர்த்தம் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். மரியநாயகிக்கு மட்டும் அன்றைக்குத் தெரியாமல் போய்விட்டது.

அன்றைக்கு என்றால், அவளுடைய கணவன் நீக்கிலாஸ் பாரிசில் வேலைசெய்த உணவகத்துச் சமையலறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த நாள். கூட வேலைசெய்த தமிழ்ப் பொடியன் ஒருவன் அவளுக்குத் தொலைபேசி அடித்தான். 'அக்கா, ஒண்டுமில்லை, ஒருக்கா ஆசுப்பத்திரிக்கு வாங்கோ' என்றான். ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்று அவள் நம்பினாள். சோற்றை வடித்து வைத்தாள். மகன் யூலியனுடைய சட்டையைத் தேய்த்தாள். நீக்கிலாசுக்கு பீச் பழம் பிடிக்கும் என்று வழியில் இறங்கி, அமத்திப் பார்த்துப் பார்த்து நல்ல பழமாகப் பொறுக்கி வாங்கினாள். ஆசுப்பத்திரி வாசலில் நின்ற ஆட்களின் முகத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. பழப்பை கையில்தான் இருந்தது. அதை யாரிடம் கொடுத்தாள் என்பது இன்றுவரை அவளுக்கு நினைவில் இல்லை.

இனி அவளுடைய மற்ற வாழ்க்கையைச் சொல்லவேண்டும். அது கால்பந்து.

மன்னாரில் பிறந்தவர்களுக்குப் பந்து எப்படி என்று மன்னாராரைக் கேட்டால் தெரியும், கேட்காமலே சொல்வார்கள். நீக்கிலாஸ் படித்தது அங்கே தூய யோவாக்கிம் கல்லூரியில். எல்லாருடைய வாயிலும் அது 'கொலிச்'. மரியநாயகி அதில் படிக்கவில்லை, அது ஆம்பிளைப் பிள்ளைகள் படித்த இடம். ஆனால் பள்ளிக்கூடச் சட்டையோடு மதிலில் ஏறி நின்று கொலிச்சுக்குக் கத்தியவள் அவள். 'இவ முதல்லை கொலிச்சைத்தான் காதலிச்சவ, பிறகுதான் என்னை' என்று நீக்கிலாஸ் சொல்லிச் சிரிப்பார். பாரிசுக்கு வந்தபின் கொலிச்சின் பழைய மாணவர் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறை மற்றப் பள்ளிச் சங்கங்களோடு கோப்பைக்கு விளையாடும். மற்றப் பெண்கள் கூடாரத்துக்குள் இருந்து ரோல்ஸ் பொரிக்க, இவள் கோட்டின் ஓரத்தில் நின்று நடுவரின் பரம்பரையை விசாரிப்பாள். பந்து எதிராளியின் காலுக்குப் போனால் போதும், அவளுக்கு வயிறு கலங்கும். கொலிச் வெல்லும்போதும் கலங்கும், ஏனென்றால் இனித் தோற்க இடமிருக்கிறது. இப்படிப் பயந்து பயந்து எதற்குப் பார்க்கிறாய் என்று கேட்டால், பயமில்லாவிட்டால் அது என்ன மட்ச் என்பாள்.

இப்போது யூலியன் அதே சங்கத்துக்கு விளையாடுகிறான். இங்கே பிறந்தவன், இருபத்துநான்கு வயது, தாடி வைத்தவன். 'என் மகன் கொலிச்சுக்கு விளையாடுகிறான்' என்று அவள் பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரியிடம் பெருமையாகச் சொல்லிவிட்டாள். பிரெஞ்சில் கொலேஜ் என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் போகிற பள்ளிக்கூடம். அந்த மனுசி அன்றிலிருந்து யூலியனைக் கண்டால் மிகவும் இரக்கத்தோடு வணக்கம் சொல்கிறாள்.

யூலியனோடு அவளுக்கு ஒரே ஒரு சண்டைதான். அவள் தமிழில் கேட்டால் அவன் பிரெஞ்சில் பதில் சொல்வான். 'வாசலுக்கு அங்காலை பிரெஞ்ச், இஞ்சாலை தமிழ்' என்பது அவள் போட்ட சட்டம். பிரெஞ்சில் கேட்டால் சோறு போடமாட்டாள். அவனும் வேறு வழியில்லாமல், ஒவ்வொரு சொல்லாகத் தேடி, குளிருக்குச் சட்டை போடுகிற மாதிரி மெதுவாகத் தமிழ் பேசுவான்.

அந்த ஐப்பசி ஞாயிறு, பாரிசின் புறநகரான ஸ்தேனில் இறுதிப் போட்டி. வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் மைதானம். அவளோ பாரிசுக்குள், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவில், குணரத்தினத்தாரின் பலசரக்குக் கடையில் முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதான் கடைக்குத் திருவிழா. புறநகரிலிருக்கிற தமிழ்ச் சனம் முழுவதும் அன்றைக்குத்தான் மரக்கறிக்கும் மீனுக்கும் வந்து இறங்கும். லீவு கேட்டுப் பார்த்தாள். தன்னுடைய சொந்த மச்சானின் கலியாணத்துக்கே கல்லாவை விட்டுப் போகாத மனிதர் குணரத்தினம். 'பந்துக்கோ?' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

ஆகவே காலையில் வீட்டிலிருந்து புறப்படும்போது, மடு மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி, அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். 'தாயே, அந்த மனுசன் ஒரு கப்பையும் காணாமலே போயிட்டுது. இந்த முறை எப்பிடியாவது எங்கடை கொலிச்சுக்கு எடுத்துத் தா. என்ன வேணுமெண்டாலும் எடு.'

கடைசி வசனத்தை அவள் யோசித்துச் சொல்லவில்லை. வழக்கமாகச் சொல்கிற வசனம், வாயில் வந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு வானம் கறுத்தது. கொஞ்ச நேரத்தில் லா சப்பலில் பகலிலேயே விளக்குப் போட்டார்கள். முதலில் காற்று, பிறகு மழை, பிறகு புளியங்கொட்டை அளவில் ஆலங்கட்டி. மேலே போகிற மெத்ரோவின் சத்தத்தையும் இடி விழுங்கியது. கடைக்குள் ஒதுங்கிய சனம் வாங்கவும் இல்லை, போகவும் இல்லை. குணரத்தினத்தார் எல்லாரையும் ஒருமுறை முறைத்துப் பார்த்தார்.

சங்கத்தின் செயலாளர் றொமேஷ் இடைவேளையில் ஒரு செய்தி போட்டிருந்தான். இன்னும் கோல் இல்லை, கல்மழை, ஆனாலும் விளையாடுகிறார்கள் என்று. 'மின்னுது, நிப்பாட்டச் சொல்லும்' என்று அவள் திருப்பி எழுதினாள். பதில் இல்லை. யூலியனுக்கு அடித்தாள். அவனுடைய தொலைபேசி உடுப்பு மாற்றும் அறையில் பைக்குள் கிடந்து அடித்திருக்கும், யாரும் எடுக்கவில்லை. வெண்டிக்காயை நிறுக்கிறவள் கத்தரிக்காயின் விலையைப் போட்டாள். பக்கத்தில் நின்று கல்லாவில் அடித்துக்கொண்டிருந்த கோசலை, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, எல்லாவற்றையும் சத்தமில்லாமல் திருத்தினாள்.

அப்போதுதான் றொமேசின் குரல்செய்தி வந்தது. மரியநாயகி தொலைபேசியைக் காதோடு ஒட்டிவைத்தாள். பாதியைக் காற்று கொண்டுபோயிருந்தது. மிச்சம் இவ்வளவுதான்:

"அக்கா... அடிச்சிட்டுது... யூலியன்... பெட்டிக்குள்ளை... அப்பிடியே கிடந்தவன்... எடுத்தாச்சு அக்கா, எடுத்தாச்சு..."

பின்னால் ஒரே கூக்குரல். 'ஐயோ' என்று யாரோ அலறியது தெளிவாகக் கேட்டது.

அவள் இன்னொருமுறை போட்டுக் கேட்டாள். பெட்டி என்பது கோலுக்கு முன்னால் கோடு போட்டிருக்கிற இடம். 'பெட்டிக்குள்ளை போடடா' என்று எத்தனை ஞாயிறு அவளே தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். அடிப்பது என்பது கோல் அடிப்பது. எடுப்பது என்பது கப் எடுப்பது. இதெல்லாம் அவளுக்குத் தெரியாத பாசை இல்லை. ஆனால் மின்னலும் அடிக்கும். பெட்டியில் ஆளையும் வைப்பார்கள். எத்தனை மணிக்கு எடுக்கிறது என்றுதான் செத்த வீட்டில் கேட்பார்கள். நீக்கிலாசையும் 'எடுத்தாச்சோ' என்றுதான் ஊரிலிருந்து கேட்டார்கள். பந்தில் இருக்கிற சொல் எல்லாம் சாவிலும் இருக்கிறது என்று அவள் அந்த நேரத்தில்தான் கண்டுபிடித்தாள்.

றொமேசுக்கு அடித்தாள். எடுத்தான். சுற்றிவர இரைச்சல்.

"றொமேஷ், என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை அக்கா. நீங்கள் ஒருக்கா வெளிக்கிட்டு வாங்கோ."

"யூலியன்?" என்றாள்.

"இஞ்சைதான். ஒண்டுமில்லை அக்கா, நேரிலை சொல்லுறன்."

"அவனிட்டை ஒருக்காப் போனைக் குடும்."

"அவனாலை இப்ப கதைக்கேலாது அக்கா. எல்லாரும் தூக்கிக்கொண்டு நிக்கினம். நீங்கள் வாங்கோவன்."

வைத்துவிட்டான். மரியநாயகி தராசைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தராசு தன்பாட்டில் எதையோ நிறுத்துக் காட்டியது.

"அக்கா?" என்று கோசலை கேட்டாள். தொலைபேசியை வாங்கி, அந்தக் குரல்செய்தியைத் தானும் கேட்டாள். கேட்டு முடித்தபோது அவளுடைய முகம் மாறிவிட்டது. "திரும்ப எடுத்தனீங்களோ? என்ன சொன்னவர்?"

"ஒண்டுமில்லையாம். வரட்டாம்."

கோசலை கல்லாவை மூடினாள். பின்னால் வந்து மரியநாயகியின் ஏப்பிரன் முடிச்சைத் தானே அவிழ்த்தாள். வரிசையில் நின்ற பெண்களிடம் ஏதோ முணுமுணுத்தாள். அவர்கள் கூடைகளைக் கீழே வைத்துவிட்டு வழிவிட்டார்கள். ஒருத்தி தலையில் முக்காடு போட்டாள்.

குணரத்தினத்தார் வந்தார். அவருக்கும் கோசலை காதில் சொன்னாள். அவர் முதலில் செய்தது, கடையில் பாடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தியது. அதற்குப் பிறகு செய்தது, கல்லாத் திறப்பைக் கோசலையின் கையில் கொடுத்தது. அந்தச் சாவியை அவர் தன்னுடைய மனுசியிடம்கூடக் கொடுத்ததில்லை.

"வாங்கோ தங்கச்சி, நான் கொண்டுபோய் விடுறன்."

இதுவரை அவளுக்குள் ஒரு மூலையில், இல்லை, இது வெறும் பந்துச் செய்திதான் என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது. குணரத்தினம் ஞாயிற்றுக்கிழமை கல்லாவை விட்டு எழும்பியதைக் கண்டதும் அந்தக் குரல் செத்துப்போனது.

கடையின் வான் வண்டிக்குள் வெங்காய மூட்டைகள் இருந்தன. முன்சீட்டில் அவளை ஏற்றி, பெல்ட்டையும் அவரே போட்டுவிட்டார். பாரிசின் எல்லையான போர்த் து லா சப்பலைத் தாண்டவே வெகு நேரம் எடுத்தது. தெருவில் ஆறு மாதிரி வெள்ளம். அவர் நல்ல மனிதர், அதுதான் தொல்லை. துக்கக்காரரோடு எப்படிப் பேசவேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"அம்மாளாச்சி இருக்கிறா தங்கச்சி. எல்லாத்தையும் அவ பாத்துக்கொள்ளுவா."

அவள் கண்ணாடியில் வழிகிற மழையைப் பார்த்தாள்.

"லண்டனிலை உங்கடை அண்ணர் இருக்கிறார் என்ன? அவர் வாறதெண்டால் எவ்வளவு நேரமாகும்?"

ஆட்கள் வந்து சேருகிற நேரம் கணக்குப் பார்க்கிறார் என்று அவளுக்கு விளங்கியது. கதவைத் திறந்து அந்த வெள்ளத்துக்குள் குதித்து ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஓடி எங்கே போவது? மைதானம்தான் முன்னால் இருக்கிறது.

சேன்-தெனி நகர்ப் பக்கம் சிவப்பு விளக்கில் நின்றபோது அவருடைய தொலைபேசி முனகியது. ஊர்க்காரர்களின் குழுவில் ஏதோ படம் போட்டிருந்தார்கள். பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். ஆறுதலாக இருக்கட்டுமே என்று நினைத்திருக்கவேண்டும், தணிந்த குரலில் சொன்னார்.

"உங்கடை கொலிச் வெண்டிட்டுதாம். ஒண்டு சைபர்."

இத்தனை வருடமாக இந்த ஒரு வசனத்துக்காக அவள் எத்தனை மெழுகுதிரி கொளுத்தியிருப்பாள். அந்த வசனம் இப்போது வந்து காதில் விழுந்தபோது, அவளுடைய முதுகெலும்பு முழுவதும் குளிர்ந்துபோனது.

கேட்டது கிடைத்திருக்கிறது. கேட்டவள் அவள். எப்படியாவது எடுத்துத் தா என்றாள், எடுத்துத் தந்தாயிற்று. என்ன வேணுமெண்டாலும் எடு என்றாள். அதையும் எடுத்தாயிற்று.

"படத்தைக் காட்டுங்கோ" என்றாள்.

அவர் தயங்கித் தயங்கிக் கொடுத்தார். மழைக்குள் ஒரு கூட்டம், நடுவில் தூக்கிப் பிடித்த கோப்பை. எல்லாரும் தலையிலிருந்து கால்வரை சேற்று நிறம். யார் யார் என்று பெற்றவளுக்கும் தெரியாது. அவள் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகத் தேடினாள். தாடி இருந்த முகமெல்லாம் அவனாகத் தெரிந்தது, பிறகு அவன் இல்லை என்று தெரிந்தது. இவர்கள் ஏன் யூலியனைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை? எழுதமாட்டார்கள். பெற்ற தாய்க்குச் சொல்லமுன்னம் குழுவில் போடமாட்டார்கள். நம்முடைய சனம் நல்ல சனம்.

வான் புறப்பட்டது. மரியநாயகி கைப்பையைத் திறந்து, சின்ன மடு மாதா படத்தை எடுத்து மடியில் வைத்தாள். குணரத்தினத்தார் கேட்கட்டும் என்று வெட்கமில்லாமல், வாய்விட்டே பேரம் பேசினாள்.

"தாயே, நான் விசரி. நான் கேட்டதை நீ அப்பிடியே எடுக்கக்கூடாது. கப்பைத் திருப்பி எடு. கொலிச் இனி ஒருநாளும் வெல்லாமல் போகட்டும். என்ரை பிள்ளையை மட்டும் உயிரோடை காட்டு. காட்டினால், இனி நான் சாகுமட்டும் அந்தப் பந்தைக் கண்ணாலை பாக்கமாட்டன். இது நேர்த்தி."

குணரத்தினத்தார் தெருவையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். கண்ணைத் துடைத்ததைத் தும்மினது மாதிரிக் காட்டிக்கொண்டார்.

மைதான வாசலில், அடிபட்டவர்களை ஏற்றவும் வருகிற தீயணைப்புக்காரரான பொம்பியேக்களின் சிவப்பு வண்டி நின்றது. அதன் பின்கதவு திறந்திருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கப் பயந்து, பார்க்காமல் விடவும் பயந்து, குனிந்த தலையோடு நடந்தாள். கால் சேற்றில் புதைந்து ஒரு செருப்புப் போய்விட்டது. அவளுக்கு அது தெரியவில்லை. குணரத்தினத்தார் அதைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

குடைகளுக்குக் கீழே சனம் நின்றது. அவளைக் கண்டதும் பேச்சு நின்றது. எல்லாரும் விலகி வழிவிட்டார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு பெண் வாயைப் பொத்தினாள். ஆசுப்பத்திரி வாசலில் பார்த்த அதே முகங்கள் இவை என்று மரியநாயகி நினைத்தாள். வழியின் முடிவில் ஆட்டக்காரர்கள் நெருக்கமாக, எதையோ மறைத்துக்கொண்டு நின்றார்கள். அதற்குமேல் அவளுக்குக் கால் எழும்பவில்லை.

அந்தக் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. நடுவில் ஒரு சேற்றுப் பொம்மை, இரண்டு கையிலும் கோப்பையை ஏந்திக்கொண்டு நின்றது. அதன் பற்கள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன.

"அம்மா" என்றது.

எல்லாரும் ஒருமிக்கக் கை தட்டினார்கள். மரியநாயகி கோப்பையைப் பார்க்கவில்லை. கிட்டப் போய், சேலைத் தலைப்பால் அந்த முகத்தை அழுத்தித் துடைத்தாள். கண் வந்தது. மூக்கு வந்தது. சின்னவயதில் கதவில் அடிபட்ட, புருவத்துத் தழும்பு வந்தது. அதைக் கண்ட பிறகுதான் அவள் நம்பினாள். நம்பியதும் அப்படியே சேற்றில் குந்திவிட்டாள்.

"அம்மா, என்ன செய்யுது?"

அவள் அழுதாள் என்று சொல்வது போதாது. நீக்கிலாசுக்கு அழுதபோதுகூட அவள் இப்படி அழவில்லை. அப்போது சனம் இருக்கிறதே என்று அடக்கிக்கொண்டாள். இப்போதும் அதே சனம்தான் இருந்தது.

அழுகை கொஞ்சம் அடங்கியதும் கோபம் வந்தது. "றொமேஷ் எங்கை?" என்றாள்.

றொமேஷ் சிரித்த முகத்தோடு வந்தான், அவளைக் கண்டதும் சிரிப்பைப் பாதியில் விட்டான்.

"ஏன் ஒண்டுமில்லை எண்டு சொன்னனீர்?"

"ஒண்டுமில்லைத்தானே அக்கா."

"அவனாலை கதைக்கேலாது எண்டீரே?"

"பொடியள் தோளிலை தூக்கி ஆடிக்கொண்டு நிண்டவங்கள் அக்கா. நீக்கிலாஸ் அண்ணையின்ரை கொலிச், அவற்றை மகன் அடிச்ச கோல். கப்பை உங்கடை கையிலை குடுத்துச் சொல்லுவம் எண்டு எல்லாரும் யோசிச்சவை. அதுதான்..." அவனுக்குத் தான் தொலைபேசியில் சொன்ன வசனம் அப்போதுதான் மெல்ல மெல்லத் தன் காதிலேயே கேட்டிருக்கவேண்டும். முகம் வெளிறியது. "ஐயோ அக்கா" என்றான்.

பொம்பியேக்கள் வந்தது கூடாரம் பறந்து கம்பி வெட்டிய ஒரு கிழவருக்கு. 'ஐயோ' என்று அலறியவரும் அவர்தான். அவர் கையில் கட்டோடு, இன்னொரு கையில் ரோல்சோடு நின்றார். குணரத்தினத்தார் செருப்பை மரியநாயகியின் காலடியில் வைத்தார். "பிள்ளை சுகமாய்த்தானே நிக்கிறான்" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார். அடுத்த கணமே அவருக்குக் கல்லாத் திறப்பு நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு அவரை அங்கே யாரும் காணவில்லை.

செய்த பிழையைச் சரிக்கட்டவேண்டும் என்று றொமேஷ் தன்னுடைய தொலைபேசியை எடுத்தான். "அக்கா, முழுதும் வீடியோ எடுத்து வைச்சிருக்கிறன். இந்தா பாருங்கோ, கோல்."

மரியநாயகி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"பாருங்கோ அக்கா."

"மாட்டன்."

எல்லாரும் அவள் இன்னும் அழுகிறாள் என்று நினைத்தார்கள். அவளோ பயத்தில் இருந்தாள். வானுக்குள் இருந்த பயம் போய்விட்டது, அது இருந்த இடத்தில் வேறொன்று வந்து இருந்துகொண்டது. மாதா பிள்ளையைக் காட்டிவிட்டாள். கப்பையும் திருப்பி எடுக்கவில்லை, அது அங்கேதான் இருந்தது. இப்போது இவள் கண்ணைத் திறந்தால், கணவனுக்குக் காணக் கிடைக்காத வெற்றி, மகனுடைய காலால் வந்தது, அந்தச் சின்னத் திரையில் ஓடும். பார்க்கவேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பார்த்தால் மாதா என்ன செய்வாளோ என்று அதே நெஞ்சு நடுங்கியது.

யூலியன் அவளுக்கு முன்னால், சேற்றிலேயே குந்தினான். "ஏன் அம்மா?"

அவள் ஒளிக்கவில்லை. மெழுகுதிரியிலிருந்து நேர்த்திவரை எல்லாவற்றையும் மூடிய கண்ணோடு சொன்னாள். அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். இங்கே பிறந்த பிள்ளை, நேர்த்தி என்றால் அவனுக்கு என்ன தெரியும்? அவன் சிரிக்கவில்லை. றொமேசைத் தொலைபேசியைத் தள்ளி வைக்கச் சொன்னான்.

"கேக்கமாட்டன் எண்டும் சொன்னனீங்களோ?"

அவள் யோசித்தாள். "இல்லை. கண்ணாலை பாக்கமாட்டன் எண்டுதான் சொன்னனான்."

"அப்ப நான் சொல்லுறன். நீங்கள் கேளுங்கோ." அவன் தமிழைத் தேடிப் பொறுக்கத் தொடங்கினான். "நல்ல மழை. பந்து ஓடாது. நான் அதைக் கொண்டு பெட்டிக்குள்ளை போறன்..."

"அந்தச் சொல்லைச் சொல்லாதை."

"எது?"

"பெட்டி."

"சரி. உள்ளை போறன். பின்னாலை ஒருத்தன் வந்து என்ரை காலிலை அடிச்சு, நான் விழுந்து, அப்பிடியே கிடந்து..."

"கிடந்து எண்டு சொல்லாதை."

அவன் நிறுத்தினான். வேறு சொல் தேடினான். கிடைக்கவில்லை. "பெனால்ட்டி" என்றான். "நானே அடிச்சன். பிறகு கப்பை எடு..."

அவள் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி அவன் வாயைப் பொத்தினாள். அவனுடைய சூடான மூச்சு அவள் உள்ளங்கையில் பட்டது. அவள் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"பிரெஞ்சிலை சொல்லு" என்றாள்.

"என்ன?"

"தமிழிலை வேண்டாம். பிரெஞ்சிலை சொல்லு."

யூலியன் தாயை நம்பமுடியாமல் பார்த்தான். பிறகு சொன்னான். பிரெஞ்சில் அவனுக்குச் சொல் தேடவேண்டிய தேவை இல்லை. மழையைப் போலவே கொட்டினான். கை கால் ஆட்டி, நடுவரைப் போல விசில் ஊதி, கோல்காவலனின் வலப்பக்கம், இல்லை இடப்பக்கம் என்று தான் கடைசிக் கணத்தில் மனம் மாறியதைச் சொல்லி, பந்து வலையில் பட்டபோது தெறித்த தண்ணீரையும் சொன்னான். அப்பா பார்த்திருப்பார் என்றும் சொன்னான்.

மரியநாயகி கண்ணை மூடிக்கொண்டு, ஒரு காலில் செருப்பில்லாமல், மழையில் குந்தியிருந்து கேட்டாள். அவளுக்குப் பாதிதான் விளங்கியது. விளங்கிய பாதியில் ஒருவரும் சாகவில்லை.

"இன்னொருக்காச் சொல்லு" என்றாள்.